40 நிமிடமும் 40 மட்டையும்: வகுப்பறைக்குள் எந்தக் கருவி வேலை செய்கிறது?

எங்கள் பாடசாலையில் 75 அங்குலத் தொடுதிரை ஸ்மார்ட் போர்ட் ஒன்று இருக்கிறது. ரொறொன்ரோவில் உள்ள பழைய மாணவர்கள் காசு சேர்த்து வாங்கித் தந்தது. நாடா வெட்டி, மங்கள விளக்கேற்றி, மூன்று பேர் பேசி, ரோல்சும் பிளேன்ரீயும் கொடுத்துத் திறந்துவைத்தார்கள். திறப்பு விழா நடந்த அந்த அறையின் திறப்பு இப்போது உப அதிபரின் லாச்சிக்குள் கிடக்கிறது. தூசி படக்கூடாதென்று போர்டைப் பூப்போட்ட பெட்சீற் ஒன்றால் போர்த்தி வைத்திருக்கிறோம்.

என் பைக்குள் இருப்பது வேறொரு சாமான். பிரிஸ்டல் போர்ட்டில் ஒட்டிய 40 மட்டைகள், ரப்பர் வளையம் போட்ட ஒரு கட்டு. ஒவ்வொன்றிலும் கறுப்புச் சதுரங்களாலான ஒரு கோலம். அதோடு என்னுடைய போன்.

தரம் 9க்கும் 10க்கும் கணிதம் படிப்பிக்கிறேன். ஸ்மார்ட் போர்ட், புரொஜெக்டர், கஹூட் என்ற வினாடிவினாச் செயலி, வட்ஸ்அப், மட்டை என்று எல்லாவற்றையும் பாவித்துப் பார்த்தாயிற்று. அளக்க நான் வைத்திருக்கும் கோல் ஒன்றுதான். பாடவேளை முடிய முதல், எந்தப் பிள்ளைக்கு விளங்கவில்லை என்று எனக்குத் தெரியவந்ததா? பிள்ளைக்கு எதையாவது காட்டுகிற கருவிகள் நிறைய இருக்கின்றன. பிள்ளையை எனக்குக் காட்டுகிறவை குறைவு.

ஸ்மார்ட் போர்டா, புரொஜெக்டரா?

முதலில் நேரத்தைக் கணக்குப் பார்ப்போம். மணி அடித்துப் பிள்ளைகள் வரிசையாக மேல்மாடிக்கு ஏற 5 நிமிடம். திறப்பு எடுக்கப் போனவன் உப அதிபரைத் தேடித் திரும்ப 3. போர்ட் உயிர்பெற்று, அப்டேற் செய்யட்டுமா என்று கேட்டு, வேண்டாமென்று அதைச் சமாளித்துப் பாடத்தைத் திறக்க 4. அடுத்த பாடத்துக்குப் பிந்தாமல் இறங்க 4. 40 நிமிடப் பாடவேளையில் மிஞ்சுவது 24. போர்ட் நல்ல போர்ட்தான். அது இருக்கிற அறைதான் பிழை.

புரொஜெக்டர் வகுப்பைத் தேடி வரும். அதுவே அதன் பெரிய பலம். பலவீனமும் அங்கேதான் தொடங்குகிறது. எங்கள் வகுப்பறைகளுக்குப் பாதிக்கு அரைச்சுவர்தான். 3000 லூமன் புரொஜெக்டர் காலை முதற்பாடத்தில் பளிச்சென்று தெரியும். பத்து மணி வெயில் உள்ளே விழுந்தால் கரும்பச்சைக் கோடும் நீலக் கோடும் ஒன்றாகிவிடும். சோளகக் காற்று எழும்பிவிட்டால் மண் நேரே வடிகட்டிக்குள் போகும். ஊதித் துடைக்காவிட்டால் சூடேறித் தானாக நின்றுவிடும். பழைய வகைக் குமிழ்கள் 3000, 4000 மணித்தியாலம் உழைக்குமென்று பெட்டியில் போட்டிருப்பார்கள். எங்கள் வெக்கையில் அந்தக் கணக்கை நம்பி இருக்காதீர்கள்.

இவ்வளவு குறை சொல்லியும் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடு என்றால் புரொஜெக்டரைத்தான் எடுப்பேன். காரணம் ஜியோஜிப்ரா. 2001இல் ஒஸ்ரியாவின் சால்ஸ்பேர்க் பல்கலைக்கழகத்தில் மார்க்குஸ் ஹோஹன்வார்ட்டர் தொடங்கிய இலவசக் கணித மென்பொருள் அது. லப்டொப்பில் ஒருமுறை இறக்கிவிட்டால் பிறகு இணையம் தேவையில்லை. நேர்கோட்டின் படித்திறனைப் படிப்பிக்க முந்தி கரும்பலகையில் ஐந்து கோடு கீறுவேன், ஐந்தாவது கீறி முடிய மணி அடிக்கும். ஜியோஜிப்ராவில் ஒரு வழுக்கியை இழுத்தால் கோடு மெல்ல நிமிர்கிறது, பூச்சியத்தில் படுக்கிறது, மறைப் பக்கம் போனதும் மற்றப் பக்கம் சரிகிறது. "சேர், திருப்பி இழுங்கோ" என்று பின்வாங்கிலிருந்து சத்தம் வரும். விஞ்ஞான ஆசிரியர்களுக்கு இதே இடத்தில் ஃபெட் இருக்கிறது. கொலராடோ பல்கலைக்கழகத்தில் நோபல் பரிசு பெற்ற கார்ல் வீமன் 2002இல் தொடங்கிய, திரையில் அசைத்துப் பார்க்கிற விஞ்ஞான மாதிரிகள். சிலவற்றுக்குத் தமிழ் வடிவமும் உண்டு, இறக்கி வைத்துக்கொண்டு இணையமில்லாமலே ஓட்டலாம். இவை இரண்டுக்கும் தொடுதிரை கட்டாயமில்லை. லப்டொப்பும் ஒரு வெள்ளைச் சுவரும் போதும்.

ஸ்மார்ட் போர்டின் பேனாவால் எழுதி, விரலால் அழித்து, எழுதியதைச் சேமித்து வைக்கலாம் என்பார்கள். மெய்தான். சேமித்ததை யார் திறந்து பார்த்தது என்று ஒருநாள் கேட்டுப் பாருங்கள்.

பாமினி என்ற பழைய கடன்

எந்தக் கருவிக்குப் போனாலும் முதல் நாள் வழிமறிப்பது பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருதான். இருபது வருட வினாத்தாள்கள் எல்லாம் அந்த எழுத்துருவில்தான் அடித்துக் கிடக்கின்றன. பாமினி இல்லாத போர்டில் திறந்தால் தமிழ் முழுவதும் ஆங்கில எழுத்துக் குப்பையாகக் கொட்டும். வினாடிவினாச் செயலியில் வெட்டி ஒட்டினாலும் அதே கதைதான். எல்லாக் கருவியும் வாசிக்கிற யூனிகோடுக்கு மாற்றித்தான் ஆகவேண்டும். மாற்றித் தரும் பக்கங்கள் இணையத்தில் இருக்கின்றன. நான் இப்போது புதுக் கேள்விகளை அடிப்பதே குறைவு. கூகுள் விசைப்பலகையின் குரல் தட்டச்சில் 'தமிழ் (இலங்கை)' என்று தேர்ந்து, பஸ்ஸுக்கு நிற்கும்போது சொல்லிவிடுகிறேன். "படித்திறன்" என்றால் சரியாக எழுதுகிறது. கோடு அச்சை வெட்டும் இடமான "வெட்டுத்துண்டு" என்றால் சில நாள் "வெட்டு துண்டு" என்று இறைச்சிக்கடைக்குப் போய்விடுகிறது.

கேட்கிற கருவிகள்: இங்கேதான் வித்தியாசம்

கஹூட்டை எல்லோருக்கும் தெரியும். நோர்வேயிலிருந்து 2013இல் வந்தது. கேள்வி முன்னால் பெரிய திரையில், பிள்ளையின் கையில் நான்கு நிறப் பெட்டி. இசை, கைதட்டு, கடைசியில் மேடையில் மூன்று பேர். பிள்ளைகளுக்கு விருப்பம், எனக்கும்தான். ஆனால் பிள்ளைகள் பாடசாலைக்குப் போன் கொண்டுவரக் கூடாது என்பது இங்கே விதி. விதியைத் தூக்கினாலும் ஒரு வீட்டில் ஒரு போன், அதுவும் பகலில் அப்பாவோடு வேலைக்குப் போய்விடும். மிஞ்சுவது கணினி அறை. என் வகுப்பில் 34 பேர், ஓடுகிற கணினி 18. இரண்டு பேருக்கு ஒன்றென்று இருத்தினால் எலியைப் பிடிப்பவன் பதில் சொல்வான், மற்றவன் பார்த்துக்கொண்டிருப்பான். அதைவிட எனக்குப் பெரிய குறை, கஹூட் வேகத்துக்குப் புள்ளி கொடுப்பது. வழக்கமாகக் கைதூக்குகிற அதே நாலு பேர்தான் மேடையிலும் நிற்பார்கள். யோசித்துப் பதில் சொல்கிற பிள்ளை பட்டியலின் அடியில் கிடக்கும்.

குவிசிஸ் கொஞ்சம் பொறுமையான ஆள். 2015இல் இந்தியாவில் தொடங்கி 2025இல் வேகிரவுண்ட் என்று பெயர் மாறியது. கேள்வி பிள்ளையின் திரையிலேயே வரும், தன்பாட்டில் செய்யலாம். வீட்டுவேலைக்கு நல்லது. வகுப்புக்குள் அதற்கும் ஆளுக்கொரு திரை வேண்டும்.

பிளிக்கர்ஸ் என்ற செயலி இந்தக் கணக்கைத் தலைகீழாகப் போடுகிறது. திரை ஆசிரியரிடம் ஒன்று மட்டும். பிள்ளையிடம் இருப்பது அச்சடித்த மட்டை. ஒரு தொகுதியில் 40 மட்டை, ஒவ்வொன்றின் கோலமும் வேறு, ஒவ்வொன்றும் ஒரு பிள்ளையின் பெயருக்குப் பதிந்தது. நான்கு பக்கத்திலும் ஏ, பி, சி, டி என்று பொடி எழுத்து. எது விடையோ அந்த எழுத்து மேலே வரும்படி பிடிக்க வேண்டும். நான் போன் கமராவை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு மெல்ல ஓட்டினால், யார் எந்த விடை என்று பெயரோடு என் திரையில் விழுந்துகொண்டே வரும். கோலம் ஆளுக்கு ஆள் வேறு என்பதால் பக்கத்துப் பிள்ளையின் மட்டையைப் பார்த்துத் திருப்புவதும் கஷ்டம்.

தரம் 9இல் ஒருநாள். சுட்டிகள் படிப்பித்து முடித்து, "விளங்கிச்சுதோ?" என்று கேட்டேன். "ஓம் சேர்" என்றது வகுப்பு, ஒரே குரலில். −3² எவ்வளவு என்று எழுதி மட்டையைத் தூக்கச் சொன்னேன். 34 பேரில் 21 பேர் 9 என்றார்கள். ஓம் சேர் என்று முதலில் சொன்ன குரலும் அந்த 21க்குள். வழக்கமாக நான் கேட்டிருந்தால் முன்வாங்கில் ஒருத்தி கைதூக்கி −9 என்று சொல்லியிருப்பாள், நானும் சந்தோசமாக அடுத்த பயிற்சிக்குப் போயிருப்பேன்.

விடையைச் சொல்லவில்லை. பக்கத்தில் இருக்கிறவரோடு இரண்டு நிமிடம் கதையுங்கள் என்றேன். இது என் கண்டுபிடிப்பு அல்ல. ஹாவார்டில் பௌதிகம் படிப்பித்த எரிக் மசூர் 1990களில் வளர்த்தெடுத்த முறை: கேள்வி, வாக்கு, பிள்ளைகளுக்குள் வாதம், திரும்ப வாக்கு. வகுப்பு சந்தை மாதிரி ஆனது. ஜன்னல் பக்கம் ஒருவன் கொப்பியில் அடைப்புக்குறி போட்டுப் போட்டு அழித்துக்கொண்டிருந்தான். பிறகு பக்கத்தவனுக்குச் சொன்னான்: "டேய், மறை வெளியில நிக்குது. வர்க்கம் மூண்டுக்கு மட்டும்தான்." நான் அரை மணித்தியாலம் சொன்னதைவிட அது சுருக்கம். இரண்டாம் வாக்கில் 9 என்றவர்கள் 6 பேர். அந்த 6 பெயரும் என் போனில் இருந்தன. அடுத்த நாள் இடைவேளையில் அவர்களை மட்டும் கூப்பிட்டேன்.

வாக்கெடுக்க மின்கருவிதான் வேண்டுமா, மட்டை போதாதா என்று முன்பே சோதித்திருக்கிறார்கள். நதானியேல் லாஸ்ரி என்ற பௌதிக ஆசிரியர் 2008இல் வெளியிட்ட ஆய்வில், மின்கருவியால் வாக்களித்த வகுப்புக்கும் மட்டை தூக்கிய வகுப்புக்கும் கற்றலில் வித்தியாசம் தெரியவில்லை. ஆசிரியருக்குக் கிடைக்கும் பதிவு மட்டும்தான் மின்கருவியின் மேலதிக லாபம். பிளிக்கர்ஸ் அந்த லாபத்தை ஒரு போனுக்குள் தந்துவிடுகிறது.

குறை இல்லாமல் இல்லை. முதல் தொகுதியை அழகாக இருக்கட்டுமென்று லமினேற் செய்துவிட்டேன். ஜன்னல் வெளிச்சம் பளபளத்து, கமரா பாதி மட்டையைக் காணவே இல்லை. முழுவதையும் திரும்ப அச்சடித்து, மினுக்கமில்லாத மட்டையில் ஒட்டினேன். கோலத்தின்மேல் விரல் பட்டாலும் வாசிக்காது. "ஓரத்தில பிடியுங்கோ" என்று முதல் வாரம் முழுக்கத் தொண்டை கிழியக் கத்தவேண்டி வரும். செயலி முழுவதும் ஆங்கிலம், கேள்வியை மட்டும் தமிழில் போடலாம். டேற்றா என் காசு. எல்லாவற்றுக்கும் மேலாக, நாலில் ஒன்றைத் தேர்கிற கேள்விதான் கேட்கலாம். பிள்ளை எந்தப் படியில் பிழைத்தது என்று மட்டை சொல்லாது. அதற்குக் கொப்பியைத்தான் பார்க்க வேண்டும். நல்ல பிழை ஒன்று அகப்பட்டால் பெயரை மறைத்துப் படமெடுத்து, மறுநாள் புரொஜெக்டரில் போட்டு எங்கே வழுக்கியது என்று வகுப்பைக் கேட்பேன். அந்த அளவில் புரொஜெக்டரும் என் கோலுக்குள் வந்துவிடுகிறது.

சிக்னல் இல்லாத நாளுக்கு விரல் இருக்கிறது. நெஞ்சோடு அணைத்து ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. பதிவு மிஞ்சாது, ஆனால் கண் பார்த்துவிடும். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டியபோது எங்களிடம் இருந்தது இதுவும் வெண்கட்டியும்தான்.

வீட்டுக்குப் போகிற பாடம்

இதைச் சுருக்கமாகச் சொல்லலாம், வட்ஸ்அப் வென்று கனகாலமாகிறது. 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடியபோது கூகுள் கிளாஸ்ரூமில் வகுப்புத் திறந்தேன். மின்னஞ்சல் முகவரி, கடவுச்சொல் என்று கேட்டதும் பாதிப்பேர் வரவில்லை. வட்ஸ்அப் அம்மாவின் போனில் ஏற்கெனவே இருந்தது. குரல் பதிவு அனுப்பினால் டேற்றா குறைய, வேலை முடிந்து அப்பா வந்தபிறகு இரவு ஒன்பதுக்கும் கேட்கலாம். அரசின் ஈ-தக்சலாவ தளத்தில் தமிழிலும் பாடங்கள் இருக்கின்றன. நான் இணைப்பை மட்டும் குழுவில் போட்டுவிடுவேன்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். வட்ஸ்அப் வாக்கெடுப்பில் பரீட்சை வைக்காதீர்கள். யார் எதற்கு வாக்களித்தார் என்று எல்லோருக்கும் தெரியும். கெட்டிக்காரி எதை அமத்தினாளோ அதிலேயே வகுப்பு முழுவதும் போய் விழும். அதற்குக் கூகுள் படிவம் பரவாயில்லை.

"சேர், பிள்ளை இரவிரவா போனோட இருக்கு, கேட்டா வகுப்பு வேலை எண்டுறான்" என்று ஒரு அம்மா வந்து நின்றார். அன்று நான் கொடுத்த வேலை பத்து நிமிடம். அதன் பிறகு குழுவில் வேலை போடும்போது எத்தனை நிமிடம் ஆகும் என்றும் சேர்த்து எழுதுகிறேன்.

−3² இன்னும் முடியவில்லை. அந்த ஜன்னல் பக்கத்துப் பெடியன் இரண்டு நாள் கழித்து வந்தான். "சேர், எக்செல்லில போட்டால் 9 எண்டு வருது. நீங்க −9 எண்டீங்கள்." கணினி அறையில் அடித்துப் பார்த்திருக்கிறான். அவன் சொன்னது சரி. எக்செல் மறைக்குறியை முதலில் எண்ணோடு ஒட்டிவிட்டுப் பிறகுதான் வர்க்கிக்கும். ஜியோஜிப்ராவில் அதையே போட்டால் −9. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பெரிதாக, எல்லோரும் தொட்டு மாற்றிப் பார்க்கும்படி வைக்க வேண்டும். இதற்கு 24 நிமிடம் போதும். வியாழக்கிழமை மூன்றாம் பாடத்துக்கு உப அதிபரிடம் திறப்புக் கேட்டிருக்கிறேன். மட்டைக் கட்டையும் மேலே கொண்டுபோவேன். 17ஆம் இலக்க மட்டை கிழிந்துவிட்டது, அதற்குமுன் ஒன்று அச்சடிக்க வேண்டும்.