ஊர் திரும்புவது: எல்லோருமாகவா, ஒருவர் முன்னாலா?

தமிழ்நாட்டு அகதி முகாம்களிலிருந்து இலங்கை திரும்ப நினைப்பவர்களுக்கு இரண்டு வழி. எல்லோரும் சேர்ந்து போனால் பிரிவு இல்லை. ஆனால் முகாம் வீடும் மாத உதவித்தொகையும் அன்றோடு போச்சு. அப்பா மட்டும் முன்னால் போனால் காணியின் நிலையைப் பார்த்துச் சொல்லலாம். உதாரணமாக, யாழ்ப்பாணத்தின் வலிகாமம் வடக்கில் 1990இல் மக்கள் விட்டுவந்த நிலம் ராணுவத்திடமிருந்து முழுதாக இன்னும் விடுபடவில்லை.

சரி, சிக்கல் எங்கே? ஆவணத்தில். இங்கே பிறந்த பிள்ளைக்குச் சென்னையிலுள்ள இலங்கைத் துணைத் தூதரகம் வழியாகப் பிறப்பைப் பதிந்து குடியுரிமை வாங்க வேண்டும். அப்பா அக்கரையில் இருந்தால் ஒரு கையெழுத்துக்கே அலைச்சல். அதனால் பிள்ளைகளின் ஆவணம் முடியாமல் அவர் கிளம்பக் கூடாது என்பேன். மனைவி இந்தியக் குடிமகள் என்றால் அவருக்கு விசா வேறு பார்க்க வேண்டும்.