கிளட்ச் காலுக்கு எண்ணெய் உருவல்: கம்பளையில் ஒரு சிகிச்சை நிலையம்

முதலில் குறையைச் சொல்லிவிடுகிறேன். இடுப்பு வலிக்காரனை மாடியேற வைப்பது யாருடைய யோசனையோ! கம்பளை டவுனில் ஒரு ஃபார்மசிக்கு மேலே இருக்கிறது இந்த இடம். படி செங்குத்து, கைப்பிடி ஒரு பக்கம்தான். ஏறி முடித்துச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றபோது, காத்திருந்த ஒரு அம்மா, "எல்லாரும் இப்படித்தான் தம்பி நிப்பாங்க, வந்து உக்காருங்க" என்றார்.

எனக்குத் தொழில் மரக்கறி லொறி. நுவரெலியாவில் கரட், லீக்ஸ், கோவா ஏற்றி இறம்பொடை, புசல்லாவ, கம்பளை வழியாகக் கண்டிக்கு இறக்குவது. இறம்பொடை வளைவுகளில் இடது காலுக்கு ஓய்வே கிடையாது. வலி வந்ததும் அதே காலில்தான். புட்டத்தில் பிடித்து, பின்தொடை, கெண்டைக்கால் என்று இறங்கி, சுண்டுவிரல் வரை கரண்ட் அடிக்கும். தும்மல் வந்தால் உயிர் போய்விடும். ஆஸ்பத்திரியில் மல்லாக்கப் படுக்கவைத்து, முழங்காலை மடக்காமல் காலைத் தூக்கினார் டொக்டர். பாதிக்கு முன்னாலேயே கத்திவிட்டேன். சயாட்டிகா, முதுகெலும்பின் அடியில் டிஸ்க் பிதுங்கி நரம்பின் வேரை அழுத்துகிறது என்றார். மாத்திரை கொடுத்து, அநேகம் பேருக்குச் சில கிழமைகளில் தானாகவே தணியும், படுத்தே கிடக்காமல் முடிந்த அளவு நடமாடு என்றும் சொல்லி அனுப்பினார்.

சில கிழமை என்றால் யார் லொறி ஓட்டுவது? அதனால்தான் உருவல் தேடிப் போனேன். இதற்கு முன் வேறோர் ஊரில் ஒரு இடம். பெயர் வேண்டாம். "டிஸ்க்கை உள்ளே தள்ளிவிடுகிறேன்" என்று முழங்கையால் புட்டத்தில் ஏறி நின்ற மாதிரி அழுத்தினார்கள். அன்று லொறியில் ஏற கிளீனர் பையன் தூக்கிவிட வேண்டியிருந்தது.

கம்பளையில் யாரும் உடனே எண்ணெயில் கை வைக்கவில்லை. வைத்தியர் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் சித்த மருத்துவம் படித்தவர். நுனிக்காலில் நடக்கச் சொன்னார், குதிகாலில் நடக்கச் சொன்னார். சிறுநீர் அடைக்கிறதா, கட்டுப்பாடில்லாமல் போகிறதா, மர்ம இடத்தைச் சுற்றி மரத்துப்போயிருக்கிறதா என்று கூச்சமில்லாமல் கேட்டார். இதில் ஒன்று இருந்தாலும் உருவலுக்கு நிற்காமல் அன்றே பெரியாஸ்பத்திரிக்கு ஓட வேண்டுமாம். எனக்கு முன்னால் வந்த ஒருவருக்குப் பாதம் மேலே தூக்கவே வரவில்லை. காசு வாங்காமல் துண்டெழுதி கண்டிக்கு அனுப்பிவிட்டார். எனக்கு நம்பிக்கை வந்தது அதைப் பார்த்துத்தான்.

"உருவினால் டிஸ்க் உள்ளே போகாது தம்பி" என்று நேராகவே சொன்னார். வலிக்குப் பயந்து இடுப்பும் புட்டமும் இறுகிப் போகின்றன. உடம்பிலேயே தடித்த நரம்பு அந்தப் புட்டத்துச் சதைக்கு அடியில்தான் போகிறது. இறுக்கத்தைத் தளர்த்தினால் வலி குறையும், வலி குறைந்தால் நடக்கலாம், பயிற்சி செய்யலாம். அவ்வளவுதான் உருவலின் வேலை என்றார்.

உருவுகிற அண்ணன் பேச்சு குறைவு, கை பக்குவம். வயிற்றுக்குக் கீழே தலையணை வைத்துக் குப்புறப் படுக்கவைத்தார். சூடு பண்ணிய நொச்சி எண்ணெய். இடுப்பின் இரண்டு பக்கமும் உள்ளங்கையால் மெதுவாக, அப்புறம் புட்டத்தில் கட்டைவிரலால். கால் பக்கம் கரண்ட் ஓடினால் உடனே சொல்லச் சொன்னார், சொன்னதும் கையை எடுத்து இடம் மாற்றினார். வலியைத் தாங்கிக்கொள் என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. பிறகு இலைக்கிழி ஒத்தடம், அதாவது இலைகளைத் துணியில் மூட்டையாகக் கட்டிச் சூடாக ஒற்றுவது. கடைசியில் உளுத்தம் மாவைப் பிசைந்து இடுப்பில் வட்டமாக அணை கட்டி, அதற்குள் இளஞ்சூட்டில் எண்ணெய் நிறுத்தினார்கள். ஆற ஆற மாற்றுகிறார்கள். அதில் நான் தூங்கியே போனேன்.

எழுந்தபோது கால் லேசாக இருந்தது. அந்தச் சுகம் மறுநாள் வரை தாங்கியது, அப்புறம் வலி கொஞ்சம் திரும்பியது. தொடர்ந்து போகப் போக இடைவெளி நீண்டது. முழுப் புகழையும் உருவலுக்கே கொடுக்க மாட்டேன், டொக்டர் சொன்ன மாதிரி நாளும் தன் வேலையைச் செய்திருக்கும். ஆனால் இராத்திரி புரண்டு படுக்க முடிந்ததே, அதற்கு இந்த இடம்தான் காரணம்.

எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் ஒன்று. டிரைவர் சீட்டைப் போட்டோ எடுத்துக் காட்டச் சொன்னார் வைத்தியர். சீட் பின்னால் தள்ளியிருப்பதால் கிளட்ச்சை மிதிக்க இடுப்போடு எட்டுகிறேன் என்று கண்டுபிடித்தார். முன்னால் இழுத்து, இடுப்பு வளைவில் துவாயைச் சுருட்டி வைத்து, வழியில் இறங்கி இறங்கி நடக்கச் சொன்னார். இதற்குத் தனிக் காசு இல்லை.

உருவலும் ஒத்தடமும் 3500 ரூபா. உளுத்தம் மா வைத்தியத்துக்கு இன்னும் 2000. தோட்டத்துச் சனத்துக்கு இது பெரிய காசு, குறைத்தால் நல்லது. பெண்களுக்குப் பெண்தான் உருவுகிறார், ஆனால் அவர் சனிக்கிழமை வருவதில்லை. போயாவுக்கு, அதாவது பௌர்ணமி விடுமுறைக்கு, பூட்டு. கார்ட் எடுக்க மாட்டார்கள். துவாய்கள் சுத்தம்தான், எண்ணெய் வாடை மட்டும் போகவில்லை. போகிறவர்கள் பழைய சாரம் ஒன்று கொண்டுபோங்கள். லொறிக்காரர்கள் கீழே நிறுத்த இடம் தேட வேண்டாம், கொஞ்சம் தள்ளி நிறுத்திவிட்டு நடந்தே வாருங்கள்.