பழைய காரின் கரிக் கேனிஸ்டர்: புதுப்பிப்பதா, மாற்றுவதா?

இரவு முழுக்க மூடிய கொட்டகையில் நின்ற பழைய காரிலிருந்து காலையில் பெட்ரோல் நெடி அடித்து, குழாய்களில் எங்கும் கசிவும் இல்லையென்றால், அடுத்துப் பார்க்க வேண்டியது எஞ்சின் அறையின் மூலையில் இருக்கும் கரிக் கேனிஸ்டரை. டேங்கிலும் கார்புரேட்டரில் பெட்ரோல் தேங்கும் மிதவை அறையிலும் எழும் ஆவியைச் செயலூட்டிய கரியில் பிடித்து வைத்து, எஞ்சின் ஓடும்போது அடிப்புறமாகப் புதுக்காற்றை இழுத்து, அந்த ஆவியை எரிவதற்கு அனுப்புவதே அதன் வேலை. அமெரிக்காவில் 1971 மாடலிலிருந்து பெட்ரோல் ஆவியைக் கட்டுப்படுத்துவது நாடு முழுவதும் கட்டாயமானது. அது பழுதானால் மூன்று வழிகள் உள்ளன: பழைய பாகம் வாங்குவது, புதிது வாங்குவது, இருப்பதைத் திறந்து புதுப்பிப்பது.

கழித்துக்கட்டிய காரிலிருந்து எடுத்த கேனிஸ்டரை நான் பரிந்துரைப்பதில்லை. உள்ளிருக்கும் கரி நம்முடையதைப் போலவே வயதானது. முன்னைய உரிமையாளர் டேங்கை விளிம்புவரை நிரப்பும் பழக்கமுள்ளவராக இருந்திருந்தால், பெட்ரோல் திரவமாகவே இறங்கிக் கரியை ஊறவைத்திருக்கும். கையில் எடுத்தால் கனமாக இருப்பது அதற்கு ஓர் அறிகுறி.

அதே மாடலுக்கான புதிய கேனிஸ்டர் கிடைத்தால், அதைவிடச் சிறந்த வழி இல்லை. கிடைக்காதபோது பொதுவான மாற்றுப் பாகத்தைப் பொருத்த நினைப்பவர்கள், கொள்ளளவைப் பார்ப்பதற்கு முன் முனைகளை எண்ண வேண்டும். டேங்க், மிதவை அறை, பர்ஜ் (பிடித்த ஆவியை எஞ்சினுக்குக் கொண்டுபோகும் வழி) என மூன்று குழாய்கள் வரும் காரில் இரண்டு முனைக் கேனிஸ்டரை வைத்து, மிதவை அறையின் குழாயை அடைத்துவிட்டால், சூடான எஞ்சினை நிறுத்தி மீண்டும் கிளப்புவது பெரும்பாடாகிவிடும். சில பழைய கேனிஸ்டர்களின் மூடியிலேயே பர்ஜ் வால்வும் இருக்கும். மாற்றுப் பாகத்தில் அது இல்லையென்றால் தனியாகச் சேர்க்க வேண்டும்.

புதுப்பிப்பதில் எல்லாமே கரியின் தரத்தைப் பொறுத்தது. மீன்தொட்டி வடிகட்டிக்கு விற்கும் கரியை நான் ஒருமுறை நிரப்பினேன். இரண்டு மாதத்தில் பர்ஜ் குழாயின் முனையில் மை போன்ற கருந்தூள் படிந்து, வால்வு திறந்தபடியே சிக்கிக்கொண்டு, ஐடிலில் எஞ்சின் தடுமாறியது. பொடியாவது மட்டுமல்ல குறை. அப்படி விற்கும் கரி பல நேரங்களில் தேங்காய் ஓட்டுக் கரி; அதன் துளைகளில் பெரும்பாலானவை 2 நானோமீட்டருக்கும் குறுகியவை என்பதால், அவை ஆவியை இறுகப் பிடித்துக்கொண்டு விட மறுக்கின்றன. வாகனத்துக்கென்று செய்யப்படும் கரியில் ஏறத்தாழ 2 முதல் 5 நானோமீட்டர் துளைகள் மிகுந்திருப்பதால், பிடித்ததைக் காற்று பட்டதும் விட்டுவிடும். எவ்வளவு பிடிக்கிறது என்பதைவிட எவ்வளவு திருப்பித் தருகிறது என்பதே இங்கே முக்கியம். ஆகவே அந்தக் கரியைத்தான், உருளைக் குருணையாக, தூள் சலித்து, பழைய கரி இருந்த அதே அளவுக்குத் தட்டித் தட்டி நிரப்ப வேண்டும். கரியை அழுத்திப் பிடிக்கும் ஸ்பிரிங் தகடு இருந்தால் அதைத் தவறாமல் திரும்ப வைக்க வேண்டும். தளர்ந்த குருணைகள் ஓட்டத்தில் உரசி உரசியே பொடியாகிவிடும். ஊறிய கரியை அடுப்பில் காய வைப்பது தீ விபத்தை வரவழைப்பதாகும்.

அடிப்புறம் திறந்து, பஞ்சு வடிகட்டியை மட்டும் கழற்றி மாற்றும்படி அமைந்த கேனிஸ்டர் என்றால், தயங்காமல் புதுப்பிக்கலாம். பல நேரங்களில் அடைத்துப்போன அந்தப் பஞ்சே முழுக் குற்றவாளியாக இருக்கும். முழுதும் மூடி உருக்கி ஒட்டப்பட்டதென்றால், புதிது கிடைக்காதபோது மட்டுமே அறுக்க வேண்டும். உடல் நைலான் என்றால் எப்பாக்சி பசை ஓரளவு பிடிக்கும். பாலிஎத்திலீன், பாலிபுரோப்பிலீன் மீது அது நிலைக்காது.

எந்த வழியானாலும், பொருத்துவதற்கு முன் டேங்க் முனையில் ஒரு சுத்தமான குழாயை மாட்டி மெதுவாக ஊதிப் பார்க்க வேண்டும்: காற்று தடையின்றி அடிப்புறமாக வெளியேற வேண்டும், கருந்தூள் ஒரு துளியும் வரக்கூடாது.