வளவுத் தரை பிழைத்தது, இணைப்புதான் படுத்துகிறது

தரைக்கடியில் தண்ணீர்க் குழாய் கசிகிறது, தரையை உடைக்காமல் நீங்கள் சரிசெய்த முறை நன்றாக இருக்கிறதா என்று தேவகோட்டை நண்பர் கேட்கிறார். அதே வேலையின் இணைப்பு நேற்று மறுபடியும் கழன்று, முற்றத்துச் சேற்றில் நின்று முறுக்கிவிட்டு வந்திருக்கிறேன். அந்தக் கோபம் இதில் தெரியும்.

எங்கள் காரைக்குடி வீட்டில், பின்கட்டு மேல்தொட்டியிலிருந்து முன்கட்டுக் குளியலறைக்குப் போகும் ஒன்றேகால் அங்குல ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாய், வளவின், அதாவது செட்டிநாட்டு வீட்டின் நடு முற்றத்தைச் சுற்றிய கூடத்தின், ஓரத்தில், ஆத்தங்குடிக் கற்களுக்கு அடியில் ஓடுகிறது. துருவேறி ஓட்டை விழுந்ததில் கற்களின்மேல் உப்புப் பூத்தது. கண்ணாடித் தகட்டின்மேல் வண்ணச் சிமெண்டை ஊற்றிக் கையால் வார்க்கிற கற்கள் அவை, சூளையில் சுடுவதில்லை. இன்று புதிதாக வாங்கிப் பதித்தால், தலைமுறைகளின் காலடி பட்டு ஏறிய மெருகு எங்கிருந்து வரும்? வந்த பிளம்பர்கள் எல்லோரும் தரையை உடைக்கத்தான் சொன்னார்கள். ஒருவர் மட்டும், பழைய குழாய்க்குள்ளேயே 25 மி.மீ. எச்.டி.பி.இ. என்னும் வளையும் பிளாஸ்டிக் குழாயை இழுத்துவிடலாம் என்றார்.

செய்தும் காட்டினார். குழாய் திரும்பும் இரண்டு இடங்களில் மட்டும், சுவருக்கு வெளியே குழி தோண்டினார்கள். அங்கிருக்கும் எல்போ என்னும் வளைவுத் துண்டுக்குள் புதுக்குழாய் வளைந்து போகாது. கம்பித் தூரிகையால் துருவைச் சுரண்டி, கயிறு கட்டி, சோப்புத் தண்ணீர் விட்டு இழுத்தார்கள். வளவுக்கு அடியில் இப்போது ஒரே நீளக் குழாய், நடுவில் ஓர் ஒட்டுகூட இல்லை. ஒரு கல்கூட அசையவில்லை. உப்பு நின்றுவிட்டது. அதைப் பார்க்கும்போதெல்லாம் மனம் நிறைகிறது.

ஆனால் அந்த முனை இணைப்பு! இழுக்கும்போது எச்.டி.பி.இ. குழாய் சற்று நீளும். விட்டால் மெல்லச் சுருங்கிப் பழைய நீளத்துக்கு வரும். அதனால் ஒரு நாள் அப்படியே கிடக்கவிட்டு, பிறகுதான் வெட்டி இணைக்க வேண்டும். எங்கள் ஆட்கள் அன்று மாலையே வெட்டி இணைத்துவிட்டுக் கூலியை வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். குழாய் உள்ளே சுருங்கியது, இணைப்பு இழுபட்டது. முறுக்கினால் சில மாதம் நிற்கும், பிறகு மீண்டும் சொட்டும். வெளியே தெரியும் பகுதி வெயிலில் நீண்டு, மார்கழிக் குளிரில் சுருங்குவது வேறு. கொஞ்சம் நீளம் கூட்டி விட்டிருந்தால் இந்தப் பாடே இல்லை. தொழில் தெரிந்தவர்கள் செய்த அலட்சியம் இது, மன்னிக்க முடியவில்லை.

முன்கட்டில் வாளி நிறையவும் முன்பைவிட நேரமாகிறது. உள்விட்டம் 20 மி.மீ. சொச்சம்தானே, அதை முதலிலேயே சொன்னார்கள், குறையில்லை.

லண்டனில் 1971இல் எரிக் வுட் என்பவர் செய்ததுபோல், பிசினில் தோய்த்த துணிக்குழாயை உள்ளே விட்டு இறுகவைக்கலாமே என்றும் நண்பர் கேட்டார். வுட் அதைச் செய்தது கழிவுநீர்ப் பெருங்குழாயில், வீட்டுக் குழாயில் அல்ல. நண்பரே, என் முறையும் உங்களுக்கு ஒத்துவராது. உங்கள் வீட்டில் ஓடுவது ஒரு அங்குலக் குழாய். அதற்குள் 25 மி.மீ. நுழையாது, 20 மி.மீ. விட்டால் மேல்தொட்டித் தண்ணீர் நூலாகத்தான் வரும். உங்கள் தரை கடையில் வாங்கிய சாதாரண டைல்ஸ். உடைத்துப் புதுக்குழாய் போடுங்கள், இந்த முறை உங்களுக்கு வேண்டாம்.