255 டாலர் கையில், 300 டாலருக்கு செக்: ‘பேடே லோன்’ கடைக்குப் போகுமுன் படியுங்கள்

லாஸ் ஏஞ்சலஸில் ‘பேடே லோன்’ கடைப் படி ஏற நினைப்பவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். சம்பள நாளில் மாற்றிக்கொள்ளும்படி முன்கூட்டியே செக் எழுதிக் கொடுத்து வாங்கும் சின்னக் கடன்தான் அது. கூட வேலை செய்யும் மெக்சிகோ, குவாத்தமாலா நண்பர்களுக்கும் எடுத்துச் சொல்லுங்கள்.

எங்கள் உணவகத்தில் பாத்திரம் கழுவுபவர் குவாத்தமாலாக்காரர். ஆங்கிலம் படிக்க வராது. வாடகைக்குப் பணம் போதாமல் பிக்கோ-யூனியன் பக்கம் ஒரு கடையில் கடன் வாங்கினார். ஸ்பானிய மொழியில் இனிக்க இனிக்கப் பேசிவிட்டு ஆங்கில ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். பேசிய மொழியிலேயே ஒப்பந்தமும் இருக்க வேண்டும் என்பது கலிபோர்னியச் சட்டம்.

கணக்கைப் பாருங்கள். அவர் எழுதிக் கொடுத்தது 300 டாலருக்கு செக். கையில் வந்தது 255. இரண்டு வாரத்துக்கு 45 டாலர் கட்டணம். ஆண்டு வட்டியாகப் பார்த்தால் சுமார் 460 சதவீதம். இதற்குச் சட்டமே இடம் கொடுக்கிறது என்பதுதான் கொடுமை. சம்பளம் வந்ததும் 300ஐக் கட்டுவார், கை காலியாகும், அதே ஜன்னலில் மறுபடி 255 வாங்குவார். இப்படி ஆறு முறை. கட்டணமாகவே 270 டாலர் போனது.

ஏழாம் முறை வாங்கியதற்கான செக் திரும்பியது. வங்கி அபராதத்துக்கு மேல் அபராதம் போட்டுக் கணக்கையே மூடிவிட்டது. மூடப்பட்ட கணக்குகளின் விவரத்தை வங்கிகள் பார்த்துக்கொள்ளும் ‘செக்ஸ்சிஸ்டம்ஸ்’ பதிவில் அது ஐந்து ஆண்டு இருக்கும். அதைப் பார்த்து வேறு இரண்டு வங்கிகளும் கைவிரித்தன. இப்போது சம்பள செக்கைப் பணமாக்கும் கடையில் 900 டாலருக்கு 27 டாலர் பிடித்துக்கொள்கிறார்கள்.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை, அதற்குப் பிறகு கடன் கொடுத்த கடையிலிருந்து வந்த போனால். “கட்டாவிட்டால் போலீஸ் வரும்” என்றார்களாம். மனிதர் பயந்துபோய் மூன்று நாள் வேலைக்கே வரவில்லை. அது பச்சைப் பொய். இந்தக் கடனுக்காகக் கொடுத்த செக் திரும்பினால் குற்ற வழக்குப் போட முடியாது. நான் அவரோடு நேரில் போய்க் கேட்டபோது, கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவர் “மேலாளர் இல்லை” என்று ஜன்னலைச் சாத்திவிட்டார்.

கணக்கு மூடப்பட்டவர்கள் வங்கியில் ‘பேங்க் ஆன்’ சான்று பெற்ற கணக்கைக் கேளுங்கள்; குறைந்த செலவுள்ள எளிய கணக்குகளுக்குத் தரும் சான்று அது. 25 டாலரோ அதற்குக் குறைவாகவோ போட்டுத் தொடங்கலாம், இருப்பதைவிட அதிகம் எடுத்தால் போடும் ஓவர்டிராஃப்ட் அபராதம் கிடையாது. தூதரக அடையாள அட்டையை ஏற்கும் வங்கிகளும் இருக்கின்றன.

மாநில நிதிப் பாதுகாப்புத் துறைக்குப் புகார் எழுதிக்கொண்டிருக்கிறோம். ஆறு ரசீதுகளையும் அவர் மகளின் பள்ளி நோட்டுக்குள் மடித்து வைத்திருந்தார். உங்களிடம் இருப்பதையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.