ரிஷிகேஷ் மௌன முகாம்: பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்

ரிஷிகேஷில் ஒரு வார மௌன யோக முகாமுக்குப் பணம் கட்டலாமா என்று யோசித்துக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். கங்கைக் கரையில் தங்குமிடம், தனி அறை, மூத்த ஆசிரியரின் நேரடி வகுப்பு, சாத்விக உணவு, அரசு அங்கீகாரம் பெற்ற சான்றிதழ், எல்லாம் சேர்த்து 38,000 ரூபாய் என்று சொன்ன விளம்பரத்தைப் பார்த்துப் போனேன். இந்தப் பட்டியலில் மெய்யாக இருந்தது உணவு சைவம் என்பது மட்டும்தான். ரிஷிகேஷில் சைவச் சாப்பாடு கிடைப்பதை யாரும் சாதனையாகச் சொல்லிக்கொள்ள முடியாது.

முகாமின் பெயரை இங்கே போடவில்லை. புகார் நடவடிக்கையில் இருக்கிறது. போட்டாலும் பெரிய பயன் இல்லை என்பது என் எண்ணம். அதே கட்டடத்தின் பழைய படங்களில் வாசற்பலகையில் வேறு பெயர் இருக்கிறது. அடுத்த பருவத்துக்கு இன்னொன்று வரலாம். பெயரை வைத்து அவர்களைத் தவிர்க்க முடியாது, முறையை வைத்துத்தான் அடையாளம் காண வேண்டும்.

ரிஷிகேஷைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் இருக்கிறது. நான் திருநெல்வேலிப் பக்கம். பத்தமடை என்றால் பலருக்குப் பாய்தான் நினைவுக்கு வரும். எங்கள் வீட்டில் சுவாமி சிவானந்தர் நினைவுக்கு வருவார். 1887இல் அந்த ஊரில் பிறந்து, மலாயாவில் மருத்துவராக இருந்து, அதையெல்லாம் விட்டுவிட்டு 1924இல் ரிஷிகேஷ் வந்தவர். 1936இல் தெய்வீக வாழ்க்கைச் சங்கத்தைத் தொடங்கினார். விளம்பரத்தில் ‘சிவானந்த பரம்பரை’ என்று இருந்தது. கூடத்திலும் மாலை போட்ட பெரிய படம். அந்தச் சங்கத்துக்கும் உங்களுக்கும் என்ன தொடர்பு என்று மேலாளரிடம் கேட்டேன். “எல்லா குருமார்களும் ஒன்றே, மாதாஜி” என்றார். தொடர்பு இல்லை என்பதை இவ்வளவு பக்தியோடு சொல்ல முடியும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

விளம்பரத்திலேயே ஒரு தடயம் இருந்தது. ‘லட்சுமண் ஜூலாவில் நடந்து அக்கரை சென்றால் ஐந்தே நிமிடத்தில் தியானக் குகை’ என்று எழுதி, பாலத்தில் மக்கள் நடக்கும் படமும் போட்டிருந்தார்கள். அந்தப் பாலம் பழுதடைந்ததால் 2019ஆம் ஆண்டு ஜூலையிலேயே மூடப்பட்டுவிட்டது. படம் அதற்கும் முந்தையது. நான் போனபோது ஆற்றைக் கடக்க வேண்டுமென்றால் ராம் ஜூலா பாலத்துக்கோ அதையும் தாண்டி ஜானகி சேது பாலத்துக்கோ போக வேண்டியிருந்தது. தங்குமிடமும் கரையில் இல்லை. தபோவனத்தில், பத்ரிநாத் செல்லும் நெடுஞ்சாலைக்கு மேலே ஒரு சந்தில், இரண்டு விடுதிகளுக்கு இடையில் செருகி வைத்த நான்கு மாடிக் கட்டடம் அது. மொட்டை மாடியின் ஒரு மூலையில் நின்று கழுத்தை நீட்டினால் கங்கை ஒரு கோடாகத் தெரியும். காலை தியானம் முழுக்க, வளைவில் திரும்பும் யாத்திரை பஸ்களின் ஹாரன் ஒலியோடுதான். ‘ஓசையைக் கவனியுங்கள்’ என்று ஆசிரியர் சொன்னார். கவனிக்காமல் இருக்கத்தான் வழி இல்லையே.

பண விவகாரத்துக்கு வருகிறேன். நான் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். இந்த இடத்தில் கண் தானாகவே நிற்கும். முன்பணம் 10,000 ரூபாயை யுபிஐ மூலம் அனுப்பச் சொன்னார்கள். அனுப்பும்போது திரையில் வந்தது நிறுவனத்தின் பெயர் அல்ல, ஒரு தனிநபரின் பெயர். கேட்டதற்கு, அறக்கட்டளைக் கணக்கு ‘புதுப்பிப்பில்’ இருக்கிறது, இவர் பொருளாளர் என்று பதில் வந்தது. அந்தப் பதிலை வாட்ஸ்அப்பில் எழுத்தில் தரச் சொல்லி வாங்கி வைத்துக்கொண்டேன். பிறகு அதுதான் கைகொடுத்தது. மீதிப் பணம் நேரில், ரொக்கமாக மட்டும். கொடுத்த ரசீது கடையில் விற்கும் ரசீதுப் புத்தகத்திலிருந்து கிழித்த தாள். ஜிஎஸ்டி எண் இல்லை, பதிவு எண் இல்லை, முகவரியும் இல்லை. முகவரியை எழுதித் தரும்வரை நகரமாட்டேன் என்று நின்று எழுதி வாங்கினேன். பின்னால் வரிசையில் நின்றவர்கள் முகம் சுளித்தார்கள். அவர்களில் இருவர் பிற்பாடு அந்த ரசீதைத்தான் படம் எடுத்துக்கொண்டு போனார்கள்.

தனி அறை இல்லை. கோயம்புத்தூரிலிருந்து வந்த ஒரு பள்ளி ஆசிரியையோடு பங்கிட்டுக்கொள்ளச் சொன்னார்கள். நல்ல மனுஷி, அதில் குறை இல்லை. குறை கேட்கப் போனபோதுதான் இந்த முகாமின் உண்மையான சூத்திரம் புரிந்தது.

வந்த அன்று மாலையே மௌன விரதம் தொடங்கிவிடுகிறது. செல்பேசிகளைத் துணிப்பையில் போட்டு வாங்கிக்கொள்கிறார்கள். யாரோடும் பேசக்கூடாது, கண்ணைப் பார்க்கக்கூடாது, சைகை கூடாது. இதுவரை சரி, பெயர் பெற்ற தியான மையங்களிலும் இந்த விதிகள் உண்டு. ஆனால் இங்கே நிர்வாகத்திடமும் பேசக்கூடாது. தண்ணீர் வரவில்லை, போர்வை நாறுகிறது, ஆசிரியரைக் காணோம் என்று எதைச் சொல்லப் போனாலும் மேலாளர் உதட்டில் விரலை வைத்து, சுவரில் ஒட்டிய தாளைக் காட்டுவார். ‘குறை காண்பது அகங்காரத்தின் ஆட்டம். அதை உங்கள் நோட்டில் எழுதுங்கள், விட்டுவிடுங்கள்’ என்று இந்தியிலும் ஆங்கிலத்திலும் அச்சடித்திருந்தது. நோட்டை வாங்கிப் படிப்பவர் யாரும் இல்லை.

ஒருவருக்கொருவர் பேசாமல் இருந்தால்தான் யார் எவ்வளவு கட்டினார்கள் என்று வெளியே வராது. பின்பக்கக் குழாயடியில் தட்டு கழுவும்போது, தேர்வறையில் துண்டுச்சீட்டு மாற்றுகிற பிள்ளைகளைப் போல நாங்கள் எழுதிக் காட்டிக்கொண்டோம். நான் 38,000. என் அறைத்தோழி 32,000. புனேயிலிருந்து வந்த இளைஞன் 21,000. ஒரு ஜெர்மன் பெண் யூரோவில் கட்டியதைக் கணக்குப் போட்டால் எங்கள் எல்லோரையும் மிஞ்சியது. எல்லோருக்கும் ஒரே கிச்சடி, ஒரே கூடம், கிழிந்த ஒரே பாய். நால்வருக்கும் விளம்பரத்தில் காட்டப்பட்ட மூத்த ஆசிரியர் ஒருவரே. அவரை நால்வருமே பார்க்கவில்லை. அவர் ‘ஆழ்ந்த சாதனையில்’ இருக்கிறார் என்று சொல்லி, தினமும் மாலை அவருடைய காணொளியைத் திரையில் ஓட்டினார்கள். வகுப்பு எடுத்தவன் இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயதுப் பையன். அவன்மேல் எனக்குக் கோபம் இல்லை. பக்கத்துத் தெருவில் இருநூறு மணி நேர யோகா ஆசிரியர் பயிற்சியை முடித்துவிட்டு, சாப்பாடும் படுக்கையும் கிடைக்கிறது என்று வந்தவன். சம்பளம் பாக்கி என்று அவனே சொன்னான். மௌனம் அவனுக்கும் சேர்த்துத்தான்.

இதுவரை சொன்னதெல்லாம் பணம், வசதி. அடுத்து நடந்ததற்காகத்தான் இந்தப் பதிவையே எழுதுகிறேன்.

ஒருநாள் விடியற்காலை எல்லோரையும் எழுப்பி சங்கப் பிரக்ஷாளனம் என்றார்கள். வெதுவெதுப்பான உப்பு நீரைக் குடித்து, தாடாசனத்தில் தொடங்கும் ஐந்து ஆசனங்களைச் செய்து, மீண்டும் குடித்து, கழிப்பறைக்குப் போய், வெளியேறுவது தெளிந்த நீராகும்வரை இதைத் தொடரும் குடல் சுத்திகரிப்புக் கிரியை அது. மரபான கிரியைதான், மறுக்கவில்லை. ஆனால் அதைச் சொல்லித்தருபவர்கள் முதலில் கேட்பது இரத்த அழுத்தம் உண்டா, வயிற்றுப்புண் உண்டா, சிறுநீரகக் கோளாறு, இதயக் கோளாறு உண்டா என்பதைத்தான். இருந்தால் செய்யக்கூடாது. அவ்வளவு உப்பு உடம்புக்குள் போகிறது. முடிந்தபின் முக்கால் மணி நேரம் தூங்காமல் ஓய்வெடுத்து, நெய்விட்ட அரிசி, பாசிப்பருப்புக் கிச்சடி மட்டும் சாப்பிட வேண்டும். அன்று கடினமான ஆசனங்கள் கிடையாது. பிறகும் பல நாள் உணவுக் கட்டுப்பாடு உண்டு.

இங்கே யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. சேரும்போது நிரப்பிய படிவத்தில் நோய் பற்றி ஒரு கேள்விகூட இல்லை. ‘எனக்கு என்ன நேர்ந்தாலும் நிர்வாகம் பொறுப்பல்ல’ என்ற வரி மட்டும் தடித்த எழுத்தில் இருந்தது. பதினெட்டுப் பேருக்கு இரண்டு கழிப்பறைகள். அந்தக் காலையை விவரிக்கப் போவதில்லை. என் அறைத்தோழி இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுப்பவர். மேலாளரிடம் சொல்லப் போனார். விரல் உதட்டுக்குப் போனது. மாத்திரை அட்டையை எடுத்துக் காட்டினார். “மருந்து உடலின் பயம், மாதாஜி” என்று எழுதிக் காட்டினார் அந்த மகான். ஆசிரியை தயங்கித் தயங்கிக் குடித்தார். ஓய்வு இல்லாமல் எட்டு மணிக்கு சூரிய நமஸ்காரம் என்று கூடத்துக்கு அழைத்தார்கள். மூன்றாவது சுற்றில் அவர் கண் இருண்டு சரிந்தார்.

நான் மௌனத்தை அங்கேயே உடைத்தேன். வாய்க்கு வந்த தமிழில்தான். புரியவேண்டியவர்களுக்குப் புரிந்தது. ஆட்டோ பிடித்து மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம், நானும் அந்தப் பையனும். முகாமிலிருந்து வேறு யாரும் வரவில்லை. மருத்துவர் சோதித்துவிட்டு, இந்த இரத்த அழுத்தத்தோடு உப்பு நீரைக் குடிக்கச் சொன்னது யார் என்று கேட்டார். சொன்னவர் பெயர் எங்களுக்குத் தெரியாது. அங்கே எல்லோருக்கும் ஆனந்தத்தில் முடிகிற பெயர்தான். மாலைக்குள் என் அறைத்தோழி தேறிவிட்டார் என்பதால்தான் இதை இவ்வளவு நிதானமாக எழுத முடிகிறது.

திரும்பி வந்து, கிளம்புகிறோம், பணத்தைத் திருப்பித் தாருங்கள் என்றோம். ‘நன்கொடை திரும்பாது’ என்றார்கள். விளம்பரத்தில் கட்டணம், ரசீதில் முகாம் தொகை, கேட்கும்போது நன்கொடை. அடையாளத்துக்கு என்று வாங்கிய ஆதார் அட்டைகளைக் கொடுக்கவும் இழுத்தடித்தார்கள். காவல் நிலையத்துக்குப் போகிறேன் என்று சொன்ன கால் மணி நேரத்தில் அட்டைகள் வந்தன. எந்த விடுதியிலும் மூல அட்டையைக் கொடுத்துவைக்காதீர்கள். அவர்கள் பதிவுக்கு நகல் போதும்.

சான்றிதழைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், பலர் அதற்காகவே போகிறார்கள். வெளிநாட்டுப் பதிவு அமைப்பு ஒன்றின் முத்திரையைக் காட்டி அரசு அங்கீகாரம் என்கிறார்கள். ‘யோகா அலையன்ஸ்’ என்பது அமெரிக்காவில் இருக்கும் தனியார் லாபநோக்கற்ற அமைப்பு. பள்ளிகளையும் ஆசிரியர்களையும் பட்டியலில் பதிந்துகொள்ளும். அது அரசு அல்ல. இந்தியாவில் ஆயுஷ் அமைச்சகத்தின் கீழ் யோகா சான்றளிப்பு வாரியம் இருக்கிறது. அங்கே எழுத்துத் தேர்வும் செய்முறைத் தேர்வும் உண்டு. ஒரு வாரம் பேசாமல் இருந்ததற்கு அரசு சான்றிதழ் எதுவும் கிடையாது. எங்கள் முகாமில் அந்தத் தாளுக்கும் தனியாக 4,000 ரூபாய். சக்கரச் சோதனை, நாடி பார்த்தல், கிண்ண ஒலிச் சிகிச்சை எல்லாவற்றுக்கும் தனித்தனி விலை. இவற்றை விற்க வரும்போது மட்டும் மேலாளருக்கு மௌனம் கலைந்துவிடும்.

ஊர் திரும்பியதும் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் பதிவு செய்தேன். அந்த வாட்ஸ்அப் பதில், ரசீது, மருத்துவமனைச் சீட்டு, விளம்பரத்தின் படங்கள் எல்லாவற்றையும் இணைத்தேன். உதவி எண்ணிலிருந்து தொடர்புகொண்ட பிறகு 15,000 ரூபாய் திரும்பியது. ‘நல்லெண்ண அடிப்படையில்’ என்று குறிப்போடு. மீதிக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுத்திருக்கிறேன். இதற்காக உத்தராகண்டுக்கு அலைய வேண்டியதில்லை. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் வசிக்கும் ஊரின் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணமும் இல்லை. பலர் தூரத்தை நினைத்தே விட்டுவிடுகிறார்கள், இந்த முகாம்கள் கணக்குப் போடுவதும் அதைத்தான்.

மௌனத்தில் இருந்து பார்க்க வேண்டும் என்ற ஆசை உண்மையாக இருப்பவர்களுக்கு: கோயங்கா மரபு விபாசனா தியான மையங்களில் பத்து நாள் முகாமுக்குக் கட்டணமே இல்லை; முடித்தபிறகு விரும்பினால் நன்கொடை தரலாம், அதற்கு முன் கொடுத்தாலும் வாங்குவதில்லை. சென்னையில் திருமுடிவாக்கத்தில் தம்ம சேது என்ற அந்த மரபின் மையம் இருக்கிறது. அங்கேயும் பேச்சு கிடையாது, ஆனால் உடம்புக்கு முடியவில்லை என்றால் நிர்வாகத்திடமும், பயிற்சியில் சந்தேகம் என்றால் ஆசிரியரிடமும் பேசலாம். விண்ணப்பத்திலேயே உடல், மன நோய் விவரங்களைக் கேட்கிறார்கள். பத்து நாளும் கடினமானவை, எல்லோருக்கும் ஒத்துவராது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

ரிஷிகேஷுக்குத்தான் போக வேண்டும் என்றால், பணம் அனுப்பும் முன் வகுப்பெடுக்கும் ஆசிரியரோடு ஐந்து நிமிடம் தொலைபேசியில் பேச வேண்டும் என்று கேளுங்கள். மௌன நாட்களில் உடல்நலக் குறைவை யாரிடம் சொல்வது, அந்த ஆளின் பெயர் என்ன என்று கேளுங்கள். பாதியில் கிளம்பினால் எவ்வளவு திரும்பும் என்பதை எழுத்தில் கேளுங்கள். ஏற்கெனவே முன்பணம் கட்டிவிட்டவர்கள் மீதியை ரொக்கமாகக் கொடுக்க மறுத்து, நிறுவனக் கணக்கு எண்ணைக் கேட்டு இன்றே ஒரு செய்தி அனுப்புங்கள். ரயில் டிக்கெட்டை அதன் பதில் வந்த பிறகு எடுக்கலாம்.