கென்ட் பேராலயத்தின் செம்மறி ஓவியம்: டிக்கெட் வாங்கியதும் நேரே அதனிடம் போகாதீர்கள்

பெல்ஜியத்தின் கென்ட் நகரில் புனித பாவோ பேராலயத்துக்குள் நுழையக் கட்டணம் இல்லை. ஹூபெர்ட், யான் வான் ஐக் சகோதரர்கள் கதவுபோல் திறந்து மூடும் மரப்பலகைகளில் தீட்டிய செம்மறிப் பீட ஓவியத்தைப் பார்க்கத்தான் டிக்கெட். ஓவியம் மட்டும் ஒரு வகை. நிலவறையில் ஏஆர் கண்ணாடி (எதிரே தெரிவதோடு கணினிப் படங்களையும் சேர்த்துக் காட்டுவது) மாட்டிக்கொண்டு சுற்றிவிட்டு ஓவியத்துக்கு வருவது இன்னொரு வகை. வரலாறு தெரியாமல் வருபவர்களுக்கு அந்தச் சுற்று நல்ல அறிமுகம். படித்துவிட்டு வருபவர்கள் அதைத் தாராளமாகத் தவிர்க்கலாம். அந்த நேரமும் ஓவியத்துக்கே வேண்டியிருக்கும்.

முதலில் நிற்க வேண்டிய இடம் பீடத்தின் தென்புறச் சுற்றில் உள்ள வெய்ட் சிற்றாலயம். யோஸ் வெய்ட், அவர் மனைவி எலிசபெத் போர்லூட் இருவரின் செலவில் 1432இல் முடிந்த ஓவியம் இந்தச் சிறிய அறைக்காகத்தான் வரையப்பட்டது. சன்னல்கள் எந்தப் பக்கம் என்று பார்த்துக்கொள்ளுங்கள்: வலப்பக்கம். ஓவியத்துக்குள்ளும் வெளிச்சம் வலமிருந்தே விழுகிறது. கதவுகளின் வெளிப்புறத்தில் மங்கள வார்த்தைக் காட்சி இருக்கிறது: இயேசு பிறக்கப் போவதை வானதூதர் கபிரியேல் மரியாவிடம் சொல்லும் காட்சி. கபிரியேலுக்கும் மரியாவுக்கும் நடுவே தரையைக் கவனியுங்கள். சட்டங்களின் நிழல் அறைக்குள் நீண்டு கிடக்கும். அது நிஜ நிழல் அல்ல, தூரிகை வேலை. நிஜ மரச்சட்டத்தின் மேல் நிஜ சன்னல் வெளிச்சம் பட்டால் நிழல் எங்கே விழுமோ, அங்கேயே வரைந்திருக்கிறார்கள்.

2021 முதல் ஓவியம் நற்கருணைச் சிற்றாலயத்தில், சுமார் 6 மீட்டர் உயரக் குண்டு துளைக்காத கண்ணாடிப் பேழைக்குள் இருக்கிறது. ஓக் பலகை ஈரம் ஏறினால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். மேலே உள்ள வண்ணம் அதோடு சேர்ந்து இழுபடாது, வெடித்து உதிரும். எனவே ஈரப்பதம் மாறாத பேழை வேண்டியதுதான். ஆனால் வலப்பக்கச் சன்னல் இங்கே கூட வரவில்லை. வெய்ட் சிற்றாலயத்தைப் பார்க்காமல் வந்தவருக்கு அந்த நிழல் வெறும் கறுப்புக் கோடு. கூட்ட நேரத்தில் கண்ணாடியில் பின்னால் நிற்பவர்களின் உருவமும் தெரிந்து தொல்லை செய்யும். நேராக நிற்காமல் சற்று ஓரமாக நகர்ந்தால் குறையும்.

பேழையைச் சுற்றி நடக்க முடிவது பெரிய வசதி. கதவுகள் திறந்திருக்கும்போதே பின்னால் போய் வெளிப்பக்கத்தையும் பார்த்துவிடலாம். முகத்தில் மருவோடு மண்டியிட்டிருக்கும் வெய்ட் அங்கேதான் இருக்கிறார். இதே வசதிக்காக 1894இல் பெர்லினில், அப்போது அங்கே இருந்த கதவுப் பலகைகளை நெடுக அறுத்து இரண்டாகப் பிளந்தார்கள். இங்கே நான்கு அடி நடந்தால் போதும்.

உள்பக்கத்தில் முதலில் செம்மறியின் முகம். 16ஆம் நூற்றாண்டில் யாரோ அதன்மேல் வேறொரு முகம் தீட்டிவிட்டார்கள். 1950களின் தொடக்கத்தில் நடந்த சுத்திகரிப்பு பழைய காதுகளை மட்டும் வெளிக்கொண்டுவந்ததால், பல பத்தாண்டுகள் அந்த ஆட்டுக்கு நான்கு காதுகள்! 2019இல் முடிந்த சீரமைப்புக் கட்டத்தில், நுண்ணோக்கியின் கீழ் கத்தி முனையால் மேற்பூச்சைச் சுரண்டி எடுத்தபோது, நம்மை நேருக்கு நேர் பார்க்கும் அசல் கண்கள் வந்தன. மனித முகம் போலிருக்கிறது என்று கேலி செய்தவர்கள் உண்டு. 1432இன் முகம் அதுதான்; மழுப்பலான பழைய முகத்தைவிட நூறு மடங்கு மேல்.

கீழ்வரிசையின் இடது ஓரப் பலகையில் அதிக நேரம் செலவிட வேண்டாம். ‘நேர்மையான நீதிபதிகள்’ அசல் 1934 ஏப்ரலில் திருட்டுப் போனது, இன்றுவரை கிடைக்கவில்லை. இருப்பது யெஃப் வான் டெர் வெக்கன் செய்த நகல். நல்ல நகல்தான்.

போகுமுன் இரண்டு வேலை. மேல்வரிசைப் பலகைகளின் சீரமைப்பு 2023இல் தொடங்கியது; எவை இடத்தில் இருக்கின்றன என்று பேராலய இணையதளத்தில் பார்த்துவிட்டு நாள் குறியுங்கள். ஞாயிறு காலை வழிபாட்டு நேரம், அப்போது போகாதீர்கள். ‘க்ளோசர் டு வான் ஐக்’ தளத்தில் மிக நுணுக்கமான படங்கள் இலவசம். அதில் ஒரு மணி நேரம் மேய்ந்துவிட்டு வந்தால் எங்கே பார்ப்பது என்று தடுமாற மாட்டீர்கள்.

சின்ன பைனாகுலர் அவசியம். மேல்வரிசை உயரத்தில் இருக்கிறது. இடது கோடியில் ஆதாமின் வலது காலைப் பாருங்கள்: கீழே நின்று அண்ணாந்து பார்ப்பவருக்குத் தெரிவதுபோல் பாதத்தின் அடிப்பக்கம் தெரியும்படி, சட்டத்தைத் தாண்டி அடியெடுத்து வைக்கப் போவதுபோல் வரைந்திருக்கிறார்கள். பேழையை ஒட்டி நின்றால் இது பிடிபடாது. நாலைந்து அடி பின்வாங்குங்கள்.